ஸ்ரீ தேய்ந்த கதை

காரைதீவு வாத்தியார் கார்டுக் கட்டை என் மேசையில் வைத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். மெதுவாக வைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூத்த மகளின் கல்யாணக் கார்டை முதல்நாள் பின்னேரம்தான் எங்கள் அச்சகத்தில் வாங்கிப் போயிருந்தார். சந்தன நிறத் தாள், சிவப்பு மை, நாலு ஓரமும் பூ. விடிந்ததும் விடியாததுமாய் முழுக் கட்டோடும் திரும்பி வந்து நிற்கிறார். நான் பாதித் திரைக்குப் பின்னால் இருந்த கதிரையால் எழும்பி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எழுத்துப் பிழையா சேர் என்று கேட்டேன்.

"எழுத்தெல்லாம் சரி தங்கச்சி. என்ட மகள எந்தப் பள்ளிவாசல்ல வெச்சுக் கட்டிக் குடுக்கப் போறீங்க எண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தன்."

கார்டை எடுத்துப் பார்த்தேன். மணமகள் பெயர் சரி. மணமகன் பெயர் சரி. பிள்ளையார் கோயில் மண்டபம், சுபமுகூர்த்தம், எல்லாம் சரி. தலையில், பிள்ளையார் சுழியாக 'உ' இருக்கவேண்டிய இடத்தில், அழகாக, நட்ட நடுவில், 786.

யா அல்லாஹ்! பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக நாங்கள் எங்கள் கார்டுகளின் தலையில் போடும் எண். அதைக் கொண்டுபோய் ஒரு சைவ வாத்தியாரின் மகளுடைய தலையில் வைத்திருக்கிறோம்.

மூன்று பேர், ஒரே கண்

இது எப்படி நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் காலத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கித்தான் அச்சடிக்க வேண்டும். அடித்து முடிந்ததும் அந்த எழுத்துகளைப் பிரித்து, அதனதன் பெட்டியில் திரும்பப் போடவேண்டும். எழுத்துக் கோக்கும் எங்கள் கம்போசிற்றர் உதுமாலெவ்வை காக்கா கெட்டிக்காரர், அதைவிடச் சோம்பல்காரர். (அண்ணனை, மூத்தவரை எங்களில் காக்கா என்போம்.) கல்யாணக் கார்டுக்கென்று ஒரு சட்டத்தைப் பிரிக்காமல் நூலால் கட்டி வைத்திருப்பார். பெயரையும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றுவார். அந்தச் சட்டத்தின் தலையில் 786 வருடக்கணக்காகக் குடியிருந்தது.

சரி, அவர் விட்டுவிட்டார். மிசின் மிதிக்கும் அலியாரும் பிழை பார்க்க அடித்த புறூப்பைப் பார்த்தான். நான் இரண்டு தரம் பார்த்தேன். 'திருநிறைச்செல்வி'யில் வல்லின ற விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தவள் நான். அதற்கு ஓர் அங்குலம் மேலே இருந்ததை மூன்று பேருமே காணவில்லை. பிறந்ததிலிருந்து அதைக் கார்டின் தலையில் பார்த்தே பழகியவர்களுக்கு அது எழுத்தாகவே தெரிவதில்லை. ஆறு கண் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருந்தது ஒரே கண்தான்.

வாத்தியார் நல்ல மனுசன். அன்றைக்கே திரும்ப அடித்துத் தருகிறேன் என்றதும் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அவருடைய இளைய மகள் வந்து பக்கத்தில் இருந்து, தலை முதல் கால் வரை பார்த்த பிறகுதான் மிசின் ஓட வேண்டும்.

வீடு என்னுடையது, மிசின் அவருடையது

எண்பதுகள் பிறக்கப்போகும் காலம் அது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார், மச்சான் அந்த வீட்டுக்கு ஓர் அச்சு மிசினோடு மாப்பிள்ளையாக வந்தார். (கணவரை நாங்கள் மச்சான் என்றுதான் சொல்வோம், வெளியூர் வாசகர்கள் குழம்பக்கூடாது.) முன் அறையில் மிசின், பின் அறையில் குடித்தனம்.

பிறகு ஊரே குவைத்துக்கும் சவூதிக்கும் புறப்பட்டது. மச்சானும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போனார். போகும்போது, முடிந்த மட்டும் ஓட்டு, முடியாவிட்டால் பூட்டிப் போடு என்றார். ஆறு மாதத்தில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிய வருவாராம். வந்த கையோடு மிசினை மட்டக்களப்புப் பிரஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, முன் அறையில் ஃபேன்ஸிக் கடை போடுவோமாம்.

ஃபேன்ஸிக் கடை! வெளிநாட்டால் வந்தவன் எல்லாம் போட்ட கடை. கல்முனையில் தடுக்கி விழுந்தால் அத்தர் போத்தலில்தான் விழவேண்டும், அவ்வளவு கடை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன், விலாசம் வேணுமே.

எனக்கு அந்த மிசின் வேண்டும். வெளிப்படையாகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிடப்பட்டவள் நான். எழுத்தோடு இருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த முன் அறை. அவர் வந்து நிற்கும் நாளில் மிசின் நிறுத்த முடியாதபடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் இந்த 786 கூத்து.

பெட்டி சொன்ன சாட்சி

வாத்தியாரின் இளைய மகள் புவனேஸ்வரி பகல் சாப்பாட்டுக்கு முன்னரே வந்துவிட்டாள். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள். மெலிந்த பிள்ளை, வாய் மட்டும் மெலிவில்லை.

முதல் ஐந்து நிமிடத்தில், நாங்களோ வாத்தியாரோ காணாத இன்னொன்றைப் பிடித்தாள். 'உத்தரட்டாதி நட்சத்திரம்' என்று எழுதிக் கொடுத்ததை உதுமாலெவ்வை காக்கா 'உத்தரவாதி நட்சத்திரம்' என்று கோத்திருந்தார். கல்யாணத்துக்கு உத்தரவாதம் இருப்பது நல்லதுதானே என்று அவர் முணுமுணுத்தார். அவள் சிரிக்கவில்லை. நான் திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

பிறகு, 'உ' எடுத்துத் தருகிறேன் என்று எழுத்துப் பெட்டியை இழுத்தவள் அப்படியே நின்றாள். பெட்டியின் மூலையில், 'ஸ்ரீ' கிடக்கும் சிறு அறைக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளிக் காசு மாதிரி மின்னியது.

"அக்கா, இந்த ஸ்ரீ ஒண்டும் ஒரு நாளும் மை கண்டதில்ல. ஹ-வையும் ஜ-வையும் பாருங்க, மூஞ்சி மழுங்கிப் போய்க் கிடக்கு. இந்தப் பிரஸ்ஸுக்கு ஆர் வாறாங்க, ஆர் வாறல்ல எண்டு பெட்டியே சொல்லுது."

 ஹமீது, ஹாஜியார், ஜப்பார், ஜெமீலா என்று வருடக்கணக்காக எங்கள் ஆட்களின் பெயர்களையே அடித்து அந்த எழுத்துகள் தேய்ந்திருந்தன. மச்சான் கொழும்பில் எழுத்து வாங்கிவந்த நாள் ஞாபகம் வந்தது. ஸ்ரீயைத் தனியாகக் கழித்துத் தர மாட்டோம் என்று கடைக்காரன் சொல்லிவிட்டானாம். வீண் ஈயம், நான் மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் இது இப்படியே கிடக்கும் என்று மச்சான் புறுபுறுத்தபடிதான் பெட்டியில் கொட்டினார்.

காரைதீவு எங்களுக்கு எத்தனை தூரம்? சைக்கிளை மிதித்தால் சாய்ந்தமருது, அது தாண்டினால் காரைதீவு. அந்த ஊரின் கோயில் நோட்டீசும் கல்யாணக் கார்டும் எங்கள் வாசலைத் தாண்டி மட்டக்களப்புக்குப் போய் அடிபட்டு வந்தன. நாங்களோ, ஒரே தெருவின் கார்டுகளை அடித்துக்கொண்டு, வேலை இல்லை, வேலை இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்திலேயே கேட்டேன், வேலைக்கு வருகிறாயா என்று. வாத்தியார் ஒரு நாள் யோசித்தார். நியமனம் வரும்வரைக்கும் என்று அனுப்பினார்.

ஈயத்தில் நடந்த சண்டை

எல்லாம் அன்றைக்கே நன்றாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் மூன்று மாதமும் வேலை கூடவில்லை, குறைந்தது. உதுமாலெவ்வை காக்கா அவளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். தன் பெட்டியில் இன்னொரு கை விழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதுவும் பெண் கை. அதுவும் நேற்று வந்த கை.

ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லாமலும் அவரால் இருக்க முடியாது. என்ன செய்தார் தெரியுமா? சொல்லவேண்டியதை எழுத்துக் கோத்து அவளுடைய மேசையில் வைத்தார். ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித்தான் இருக்கும், தொழில் பழகியவர்கள்தான் வாசிப்பார்கள். ஒரு நாள் நான் வாசித்தேன்: 'ன பெட்டிக்குள் ண கிடக்கிறது. கண் இல்லையா.' கேள்விக்குறிகூடப் போடவில்லை. அவளுக்காக அதைச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

பின்னேரம் அதே இடத்தில் பதில் இருந்தது: 'கண் இருக்கிறது. வெளிச்சம் இல்லை. யன்னலை மறைத்து நிற்பவர் தள்ளி நிற்கவும்.'

அல்லாஹ் அறிய, வயிறு நோகச் சிரித்தேன். அலியார் மிசினை நிறுத்திவிட்டு வந்து வாசித்துச் சொல்லச் சொன்னான். அடுத்தநாள் காலையில் பார்த்தால், உதுமாலெவ்வை காக்காவின் மேசை யன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்தது.

ஆயுத பூசையன்று பெரிய சண்டை. அவள் வழக்கப்படி மிசினின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். மிசினுக்குப் பொட்டா என்று காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். பொட்டை அழித்தால் வேலைக்கு வரமாட்டேன் என்று அவள் நின்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மிசின் உங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை, குவைத்தில் இருக்கிற மனுசனுக்குச் சொந்தம், அவர் வந்து விற்றால் பொட்டு வைக்கவும் மிசின் இராது, பிஸ்மி சொல்லித் தொடவும் மிசின் இராது என்று கத்தினேன்.  மிசினை விற்கப்போகிற கதை அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். கடைசியில், அவள் தான் எழுத்துக் கோக்கும் கைச்சட்டத்துக்கு மட்டும் பொட்டு வைத்தாள், அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு வேலை பிடித்தது பாருங்கள்! வாத்தியார் அந்த 786 கார்டில் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரைதீவு முழுக்கக் காட்டிச் சிரித்திருக்கிறார். எங்கள் அச்சகத்துக்கு அதைவிட விளம்பரம் வேண்டுமா? இப்போது அங்கே எங்கட பிள்ளை ஒன்று இருக்கிறது, பிழை வராது என்று கோயில் நோட்டீஸ்கள் வந்தன. நோன்பு காலத்தில் லுஹர் எனும் பகல் தொழுகைக்குப் பிறகு காக்காவும் அலியாரும் சோர்ந்து போவார்கள், அவள் கோப்பாள். திருவிழாவுக்கு அவள் லீவு போடுவாள், இவர்கள் ஓட்டுவார்கள். வருடத்தில் எங்கள் அச்சகம் பூட்டிக் கிடந்த நாளை விரல்விட்டு எண்ணலாம்.

என் மகன் படித்துவந்த பாடம்

இடையில் ஒன்று. என் மகன் கொழும்பில் பெரிய கம்பனி ஒன்றில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்களாம். பல இனம், பல மொழி, ஆண் பெண் எல்லாம் கலந்து வேலை செய்தால் வியாபாரம் வளரும் என்று படம் போட்டுக் காட்டினார்களாம். வந்து எனக்கு விளக்கினான்.

இதற்கு ஹோட்டல் எதற்கு மகன், எழுத்துப் பெட்டியை இழுத்துப் பார்த்தால் போதுமே என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. இந்த அத்தியாயத்தை அவனுக்காகத்தான் எழுதுகிறேன். வகுப்பில் சொல்லாமல் விட்டதையும் எழுதியாக வேண்டும். கலந்தால் முதலில் சண்டைதான் வரும். அதை இருந்து முடிக்கிறவர்களுக்குத்தான் மற்றது.

ஒரு நிலா

இரண்டாம் வருடக் கடைசியில் கலண்டர் பருவம் வந்தது. கடைக்காரர்கள் தங்கள் பெயர் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஒற்றைத் தாள் கலண்டர். நாங்கள் வழக்கமாக இஸ்லாமிய மாதங்களின் பெயரை மட்டும் போட்டு, பிறை நாள் போடாமல் அடிப்போம். அந்த முறை புவனேஸ்வரி தாளைப் பார்த்துவிட்டு, இதை எங்கட ஊரில் ஆரும் சுவரில் கொழுவ மாட்டாங்க என்றாள். அப்படியானால் நீ ஒன்று எழுது என்றேன்.

எழுதினாள். அமாவாசை, பறுவம் என்கிற பௌர்ணமி, சதுர்த்தி, தைப்பூசம். உதுமாலெவ்வை காக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, தைப்பூசமோ, ஆர் எதைப் பூசுற என்று கேட்டார். இந்த முறை அவளும் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு பிறை என்ற சொல்லில் போய் முடிந்தது. அவருக்குப் பிறை ஒன்று என்றால் கண்ணால் கண்ட நாள். அவளுக்கு வளர்பிறை பஞ்சாங்கத்தில் எப்போதோ எழுதி வைத்திருக்கும் நாள். ஒன்றுக்கொன்று ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசம். எந்த நாளில் போடுவது?

"கண்ணால காணாத பிறைக்கு நான் ஈயம் அடுக்கமாட்டன்," என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் பியதாச வந்திருந்தார். அம்பாறைக் குடியேற்றத்தில் இருந்த சிங்களவர். முதலில் மிசின் திருத்த மாதம் ஒருமுறை வந்தவர், வேலை கூடியதும் வாரத்தில் மூன்று நாள் வந்தார். நல்ல மரவேலைக் கை. அரைகுறைத் தமிழில் கேட்டார், நோனா, எல்லாரும் ஒரே ஹந்த தானே பார்க்கிறது? ஹந்த என்றால் சிங்களத்தில் நிலா.

அவ்வளவுதான்! எழும்பி நின்றுவிட்டேன். எங்களுக்குப் பிறை, அவளுக்குப் பறுவம், பியதாசவுக்கு விரத நாளான போயா. நிலாக் காலத்தில் கடலுக்குப் போவதைக் குறைக்கும் சாய்ந்தமருது மீன்காரருக்கும் அதே நிலாத்தான். எதைப் போடுவது என்ற சண்டையே தேவையில்லை. நிலாவைப் போடுவோம், அதற்குக் கீழே அவரவர் சொல்லை அவரவர் போடட்டும். பிறை ஒரு நாள் கூடிக் குறையலாம் என்று காக்கா அடியில் ஒரு வரி கோத்தார், அதோடு அவர் மனமும் ஆறியது.

பியதாச மரத்தில் நிலாக்கள் வெட்டித் தந்தார். புது நிலா, அரை நிலா, முழு நிலா. போயா என்று சிங்களத்திலும் ஒரு கட்டை வெட்டினார். காக்கா எல்லாவற்றையும் சட்டத்துக்குள் பூட்டி, புறூப் எடுத்து என்னிடம் தந்தார். நான் சரி என்றேன். புவனேஸ்வரி சரி என்றாள். மிசினில் ஏற்றப்போகும் நேரம் பியதாச எட்டிப் பார்த்தார்.

"நோனா, எங்கட போயா தலகீழா நிக்கிது."

சிங்களக் கட்டையைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறோம்! எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் சிங்கள எழுத்துத் தெரியாது. பழைய காலமாக இருந்தால் அது அப்படியே அடிபட்டு அம்பாறைக்குப் போயிருக்கும். இந்த முறை பார்க்க ஒரு கண் இருந்தது. நான் அங்கேயே அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொன்னேன்.

அந்தக் கலண்டர் ஓடிய ஓட்டம்! சாய்ந்தமருதில் வலைக்கடை, காரைதீவில் பலசரக்குக் கடை, பியதாசவின் வழியாக அம்பாறைத் தேத்தண்ணிக் கடைகள். அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் நிற்க, கடைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்தோம். தாள் முடிந்து கொழும்புக்கு ஆளனுப்பினோம். அலியாரின் கால் வீங்கியது, பியதாச மாறி மிதித்தார்.

மட்டக்களப்பார் வந்தார்

வருடம் பிறந்து சில நாளில் மச்சான் வந்து இறங்கினார். கொழும்பிலிருந்து அம்பாறை வழியாக வந்தவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு முதல் கேட்டது இதுதான்.

"அம்பாறையில தேத்தண்ணிக் கடையில நம்மட பிரஸ்ஸுட பேரு தொங்குது. காரைதீவுச் சந்தியிலயும் தொங்குது. ஏன்?"

அடித்தது நாங்கள், அதனால் தொங்குகிறது என்றேன். ம் என்றார். நான் கெஞ்சவில்லை. மட்டக்களப்பாருக்கு அவர் ஏற்கனவே கடிதம் போட்டிருந்தார். கொடுத்த வாக்கை மாற்றாத மனுசன் என்பது எனக்குத் தெரியும். 

மூன்றாம் நாள் காலையில் மட்டக்களப்புப் பிரஸ்காரர் வந்தார். மிசினைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், நல்லது என்றார். உதுமாலெவ்வை காக்கா எழுத்துக் கோப்பதுபோல் குனிந்திருந்தார், கையில் எழுத்து இல்லை. புவனேஸ்வரி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திரைக்குப் பின்னால் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் எழுத்துப் பெட்டியை இழுத்தார். நேரே மூலை அறைக்குத்தான் கை போனது. ஒரு ஸ்ரீயை எடுத்தார், பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். முகம் சுருங்கியது.

"என்ன காக்கா இது? முஸ்லிம் ஆக்கள்ற பிரஸ், ஸ்ரீ எல்லாம் புதுசாக் கிடக்கும் எண்டு நம்பித்தானே வந்தன். என்ட பிரஸ்ஸில கிடக்கிறதவிட இது மோசமாத் தேய்ஞ்சிருக்கு."

மச்சான் கையை நீட்டி அந்த எழுத்தை வாங்கினார். தன் கையாலேயே வாங்கிவந்து கொட்டிய வீண் ஈயம். பெருவிரலால் அதன் முகத்தைத் தடவினார். திருப்பித் தடவினார். பெட்டியைப் பார்த்தார், புவனேஸ்வரியைப் பார்த்தார், கடைசியில் திரையைப் பார்த்தார். 

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார் வந்தவரிடம். "என்ட வாக்கு பிழைச்சதுக்கு மன்னிக்கோணும். மிசின் விக்கிறல்ல."

நான் அழுதேன். சத்தமில்லாமல்தான், ஆனால் அழுதேன்.

மட்டக்களப்பார் தேத்தண்ணி குடித்துப் போன பிறகு, மச்சான் அந்த ஸ்ரீயை மேசையில் வைத்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார், கொழும்புக்குப் போகிறவன் எவனிடமாவது சொல்லி புது ஸ்ரீ ஒரு இறாத்தல் எடுக்கவேண்டும் என்று.

உதுமாலெவ்வை காக்கா தலை நிமிரவில்லை.

"ரெண்டு இறாத்தலா எடுங்க தம்பி. தைப்பூசம் வருகுது."